சிலுவைக்குப் பிடித்த குடை

நொச்சிக்குப்பத்தில் பிறந்து, வளர்ந்து ஆளான பிறகு கோயிலில் சேர்ந்தவன் நான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஞானஸ்நானத்துக்கு முன் உபதேசியார் சொல்லிக் கொடுத்தது மட்டும் மனசில் நின்றது. கிறிஸ்தவனுக்கு அடையாளம் சிலுவை. ஆதிக் கிறிஸ்தவர்கள் சோற்றில் கை வைக்குமுன் நெற்றியில் சிலுவை போடுவார்களாம். சிங்கத்தின் முன்னே தள்ளினாலும் மறைக்க மாட்டார்களாம்.

பெரிய வெள்ளிக்கிழமை ஊர்வலத்தில் சிலுவை தூக்க ஆசை என்று உபதேசியாரிடம் சொன்னேன்.

"அது பரம்பரை பாத்தியதை நைனா. பறங்கிக்காரன் காலத்துக் குடும்பம் தூக்கும். நீ புதுசு, பின்னால வா."

"ஆண்டவரோட சிலுவையையே வழியில போனவன்தானே தூக்கினான்?"

"அது அவசரத்துக்கு."

அவசரம் வந்தது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பேச்சு கிளம்பி மயிலாப்பூர் பாதி காலியானது. பரம்பரைக் குடும்பம் முந்திக்கொண்டு ரயில் ஏறியது. அண்டா போனது, ஊறுகாய் ஜாடி போனது, கோழிகூடப் போனது. பாத்தியதை மட்டும் கோயில் சுவரில் சாய்ந்து கிடந்தது. சிங்கம் வரவில்லை. பேச்சுதான் வந்தது.

உபதேசியார் குப்பத்துக்கே வந்து கூப்பிட்டார். தூக்கினேன். தோள் உரிந்தது. என் பெண்சாதி எண்ணெய் தடவினாள்.

"இன்னா, இப்பவாவது கிறிஸ்தவன் ஆயிட்டியா?"

"ஆயிட்டேன்" என்றேன்.

குடும்பம் திரும்பி வந்தது. அடுத்த பெரிய வெள்ளிக்கிழமை நான் போனபோது அந்த வீட்டு ஐயா வெள்ளைக் கோட்டோடு சிலுவையடியில் நின்றிருந்தார். உபதேசியார் என் கையில் ஒரு குடையைத் திணித்தார்.

"ஐயாவுக்கு வெயில் ஆகாது. கூடவே புடிச்சிக்கினு வா."

"ஆண்டவருக்கு யாரு கொடை புடிச்சாங்க?"

"புதுசா வந்தவனுக்கு வாய் ஜாஸ்தி."

ஊர்வலம் கிளம்பியது. குடையை விரித்தேன். சிலுவையில் அறைந்திருந்த ஆண்டவர் சுரூபத்தின் தலைக்கு மேலே பிடித்தேன். ஐயா மொட்டை வெயிலில் வந்தார். "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று பல்லைக் கடித்தார். பின்னால் வந்த ஜனம் என் பக்தியைப் பார்த்துக் கை கூப்பியது. ஆண்டவர் தலைக்குப் பிடித்த குடையை எனக்குப் பிடி என்று ஐயா எந்த வாயால் கேட்பார்?

தெரு திரும்பும் இடத்தில் நின்றுவிட்டார்.

"உனக்கு என்னதான்டா வேணும்?"

"சிலுவையோட கால்மாட்டுப் பக்கம்."

கொடுத்தார். தரையில் இழுபட்டு வந்த கட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டேன். குடை உபதேசியார் கைக்குப் போனது. அவர் அதை ஐயாவுக்குச் சரியாகப் பிடித்தார். படித்தவர்.