சானல் கரையில் என் டயர் தடம்

எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் தாங்களே கண்டுபிடித்ததாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பேச்சிப்பாறை அணையடியிலிருந்து தேங்காய்ப்பட்டணத்தில் ஆறு கடலில் சேரும் பொழிமுகம் வரைக்கும், பஸ் ஓடும் ரோட்டில் ஒரு சக்கரச் சுற்றுக்கூட ஓட்டாமல், சைக்கிளில் போய்ச் சேர ஒரு வழி இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தது நான். பஸ் ரோட்டைக் குறுக்கே கடக்கலாம், அதில் ஏறி ஓட்டக் கூடாது. இது நான் எனக்கே வைத்துக்கொண்ட சட்டம்.

பிறந்தது பூதப்பாண்டிப் பக்கம், வயல் சூழ்ந்த ஊர். கட்டிக்கொடுத்தது மேற்கே, மார்த்தாண்டம் பக்கம். அங்கே ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்துகிறேன். கணவருக்கு மஸ்கட்டில் வேலை. நான் வாங்கிய கிராவல் சைக்கிளை வீடியோ காலில் அவருக்குக் காட்டினேன். ரேஸ் சைக்கிள் மாதிரி வளைந்த ஹேண்டில், ஆனால் டயர் தடிமன். சரளையிலும் மண்ணிலும் சறுக்காமல் ஓடும். அவர் பார்த்துவிட்டு, "ஏட்டி, அரசாங்கம் நல்ல ரோடு போட்டு வச்சிருக்கு. நீ என்னத்துக்குக் கல்லுலயும் மண்ணுலயும் கெடந்து உருளப் போற?" என்றார். நல்ல ரோடாம். மனுஷர் ஊரைவிட்டுப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது.

ஞாயிறு தவறாமல் வழி தேடிப் போனேன். அணைத் தண்ணீரை வயலுக்குக் கொண்டுபோகும் கால்வாயை எங்கள் பக்கம் சானல் என்போம். சானலுக்கு ஒரு குணம். அது மேட்டில் ஏறாது, பள்ளத்தில் குதிக்காது. குன்றின் இடுப்பைச் சுற்றிச் சுற்றிப் போகும். மாத்தூரில் தொட்டிப் பாலத்தில் ஏறி ஆற்றுக்கு மேலேயே நடந்துபோய்விடும். அதன் கரையைப் பிடித்துக்கொண்டால் போதும், மலைநாட்டிலும் மூச்சு வாங்காமல் ஓட்டலாம். சிக்கல் எல்லாம் சானலுக்கு வெளியேதான். ரப்பர் தோட்டத்துச் சரிவுகள் மழையில் சோப்பு போட்டதுபோல் வழுக்கும். நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும் ஒற்றையடிப் பாதை யாரோ ஒருவருடைய மாட்டுத் தொழுவத்தில் போய் முடியும். எத்தனை தொழுவத்தில் மன்னிப்புக் கேட்டிருப்பேன்! "எங்கோடி மக்கா?" என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். "கடலுக்கு" என்பேன். சிரித்துவிட்டு வேறு வழி காட்டுவார்கள். அப்படித் துண்டு துண்டாகச் சேர்த்துத் தைத்த வழி அது.

இந்த நேரத்தில்தான் கோயம்புத்தூரில் ஒரு கிராவல் சைக்கிள் குழுவோடு போனில் பழக்கம் ஏற்பட்டது. வருஷத்துக்கு ஒரு பெரிய சவாரி போவார்கள். எங்கள் மாவட்டத்துக்கு வாருங்கள் என்றேன். அவர்கள் தலைவர், "கன்னியாகுமரியில சூரியோதயம் பார்க்கலாங்க. சைக்கிள் ஓட்ட அங்க என்னங்க இருக்குது?" என்று கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. மலை இருக்கிறது, காடு இருக்கிறது, ஆறு இருக்கிறது, வயல் இருக்கிறது, கடல் இருக்கிறது. எல்லாம் ஒரே பகலில் சைக்கிள் ஓட்டும் தூரத்தில். இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? பந்தயமே கட்டிவிட்டேன். அணையிலிருந்து கடல்வரை அழைத்துப் போகிறேன். வழியில் ஓரிடத்திலாவது பஸ் ரோட்டில் ஓட்ட நேர்ந்தால் என் சைக்கிளை அவரிடமே கொடுத்துவிடுகிறேன். நேரவில்லை என்றால் வருஷா வருஷம் அவர்கள் பெரிய சவாரி எங்கள் மாவட்டத்தில்தான். அவர் உடனே சரி என்றார். சைக்கிள் போய்விட்டது என்று மஸ்கட்டில் ஒருவர் அப்போதே முடிவு கட்டிவிட்டார்.

ஜூன் மாதம் வந்தார்கள். எல்லோரும் ஆண்கள். அணை திறந்து சானலில் கரை தொட்டுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மேலே சாரல். ரப்பர் தோட்டத்து ஏற்றத்தில் என் பின்னால் பேச்சுச் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து, கடைசியில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்தால் சிரித்துவிடுவேன். தொட்டிப் பாலத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தபோது தலைவர் நடுவில் நின்று, கீழே ஆற்றையும் தென்னைகளையும் போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தார். அந்த மலையையும் ஆற்றையும் நானே செய்துவைத்ததுபோல் எனக்குப் பெருமையாக இருந்தது.

தாமதம் வருக்கைச் சக்கையால், அதாவது பலாப்பழத்தால், வந்தது. வழியில் ஒரு வீட்டில், வந்தவர்கள் வெளியூர் என்று தெரிந்ததும் முழுப் பலாப்பழம் ஒன்றை அறுத்துவைத்தார்கள். கோயம்புத்தூர்க்காரர்கள் தின்ற தீனிக்குப் பிறகு சைக்கிளில் ஏறவே நெடுநேரமாயிற்று. மதியமே கடந்திருக்க வேண்டிய ஒரு படித்துறைக்குச் சாயங்காலம்தான் வந்து சேர்ந்தோம்.

வளைவு திரும்புவதற்கு முன்பே சத்தம் கேட்டது. துணி அடிக்கிற சத்தம், சிரிப்பு, பித்தளைக் குடம் உருள்கிற சத்தம். முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலையை எங்கள் பக்கம் அண்டி ஆபீஸ் என்பார்கள். ஆலை விட்டதும், அங்கே வேலை செய்யும் பெண்கள் கூட்டமாகச் சானலில் குளித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் அந்தக் கரையில் ஆண்கள் போகக் கூடாது. போகிறவன் தூரத்திலேயே நின்று இருமிவிட்டு, வேறு வழியாகச் சுற்றிப் போவான். எழுதிவைக்காத சட்டம், ஆனால் மீறினவன் கிடையாது. நான் எத்தனையோ சாயங்காலம் அந்த வழியே போயிருக்கிறேன், அவர்களோடு நின்று கதை பேசியிருக்கிறேன். என்னை யாரும் தடுத்ததில்லை. அதனாலேயே, வழி எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்று நினைத்துவிட்டேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான்.

காத்திருக்கலாம் என்றால், குளித்துத் துவைத்து அவர்கள் கரையேற இருட்டிவிடும். இருட்டினால் ஆற்றங்கரை ஒற்றையடிப் பாதையில் வெளியூர்க்காரர்களை ஓட்டவிட முடியாது. சுற்றிப் போக எனக்குத் தெரிந்த வழி பஸ் ரோடு ஒன்றுதான். தலைவருக்கு விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனிதர்தான், எனக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டே, "கண்ணக் கீழ போட்டுட்டு வெருசா போயர்லாங்க. ஒரு நிமிஷ வேலைங்க" என்றார்.

எனக்கு வந்த கோபம் இன்னும் நினைவிருக்கிறது. "உங்க வீட்டுல பொம்பளைங்க குளிக்கும்போது ஒருத்தன் கண்ணைக் கீழ போட்டுக்கிட்டு சைக்கிள்ல உள்ள வந்தா விடுவீங்களா? இது அவங்க குளிமுறி. கூரை இல்ல, அவ்வளவுதான்" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "தப்புதாங்க" என்று பின்வாங்கினார். "பஸ் ரோட்டுலயே போவோம். சைக்கிளை நீங்களே வச்சுக்கிடுங்க" என்றேன். சைக்கிள் போவதைவிட, எங்கள் நாட்டைப் பற்றி நான் சொன்ன சொல் பொய்யாகிறதே என்பதுதான் தாங்கவில்லை.

நான் கத்தினது வளைவுக்கு அப்பாலும் கேட்டிருக்கிறது. தண்ணீரிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏ மக்கா, நீ யாருக்கு சைக்கிளக் குடுக்க?"

குரல் அடையாளம் தெரிந்தது. படித்துறைக்குப் பின்னால் வீடும் விளையுமாக இருக்கிற அக்கா. விளை என்றால் தென்னையும் வாழையும், மரச்சீனி என்று நாங்கள் சொல்லும் மரவள்ளியுமாக உள்ள தோட்டம். ஆண்களை வளைவுக்கு இப்பாலேயே நிறுத்திவிட்டு நான் மட்டும் போய் நடந்ததைச் சொன்னேன். பந்தயம் என்றதும் குளித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

"இதுக்கா இந்தக் கரச்சல்? ஆம்பிளையளு இஞ்சோடி வர ஒக்காது. அவுக என் விளைக்க ஊட போவட்டு. அந்தால வேலியில கடவு உண்டு, ஏறினா மறுபடி சானல் கரைதான்" என்றாள் அக்கா. பிறகு, வளைவுக்கு அப்பால் நிற்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக, "மரச்சீனியச் சவுட்டாம, மிதிக்காம போணும், கேட்டியளா!" என்றாள்.

நன்றி சொல்லிவிட்டு ஆண்களோடு போகத் திரும்பினேன்.

"நீ எங்கோடி போற?" என்றாள். "நீ பொம்பள இல்லியா? உனக்கு வழி இஞ்ச உண்டு. நேரே வா."

அவர்கள் என் வழியிலிருந்து சோப்புப் பெட்டிகளையும் வாளிகளையும் துவைத்த துணிகளையும் ஒதுக்கினார்கள். நான் ஏறி மிதித்தேன். "விடு மக்கா, விடு!" என்று கத்தினார்கள். யாரோ ஒருத்தி கை நிறையத் தண்ணீர் அள்ளி என்மேல் வீசினாள். சாரலும் சானல் தண்ணீரும் என் கண்ணீரும் ஒன்றாய்க் கலந்து போயின. அழுதேன், ஆமாம். என் வாழ்க்கையில் பள்ளியிலும் வேலையிலும் எத்தனையோ கைத்தட்டல் வாங்கியிருக்கிறேன். அந்தப் படித்துறையில் கேட்டதுபோல ஒன்று கிடைத்ததில்லை.

கரையின் மறுமுனையில் காத்திருந்தேன். முழங்கால்வரை சேறும், ஒருவர் முதுகில் வாழைச் சருகுமாக, வேலிக் கடவு வழியே ஒவ்வொருவராய் வந்து சேர்ந்தார்கள். மரச்சீனி ஒன்றும் ஒடியவில்லை என்று தலைவர் முதலில் சொன்னார். வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே ஆற்றங்கரையைப் பிடித்து, பொழிமுகத்தில் போய் நின்றோம். போனில் வழித்தடத்தைப் பார்த்தார்கள். அவர்கள் கோடு ஓரிடத்தில் புடைத்துக்கொண்டு விளைக்குள் போய் வந்தது. என் கோடு சானல் கரையைவிட்டு விலகவே இல்லை. "ஜெயிச்சுட்டீங்க" என்றார் தலைவர்.

சொன்ன சொல் தவறாமல் அடுத்த ஜூனிலும் வந்தார்கள். இந்தமுறை தலைவரின் மனைவியும் மகளும் சைக்கிளோடு வந்திருந்தார்கள். சக்கை தின்று, தாமதமாகி, அதே படித்துறைக்கு அதே சாயங்கால வேளையில் வந்தோம். ஆண்கள் சொல்லாமலே விளைப் பக்கம் திரும்பினார்கள். நாங்கள் மூவரும் நேரே போனோம். அக்கா முன்பே வாளியை ஒதுக்கி வைத்திருந்தாள்.

பொழிமுகத்தில் எல்லோரும் நின்றபோது தலைவரின் மனைவி அவரைப் பார்த்து, "நாங்க அணையிலிருந்து முழு வழியும் வந்துட்டோங்க. நீங்க சுத்தித்தானே வந்தீங்க?" என்றார். தலைவர் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிரிப்பை அடக்க வேறு இடம் தெரியவில்லை.