உரசாத பக்கம்

உப்புத்தாளால் தேய்க்காத எதன்மேலும் அவர் பிரஷ் வைக்க மாட்டார். அதனால் கூட வேலை செய்கிற பெயிண்டர்கள் அவருக்கு 'உப்புத்தாள்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "இந்த மனுசன் விட்டா பொண்டாட்டி கன்னத்தையும் உரசிட்டுத்தான் பவுடர் போட விடுவான்" என்பார் மேஸ்திரி. அவரும் சேர்ந்து சிரிப்பார். மகள் செத்த பிறகு அந்தக் கேலியை யாரும் எடுப்பதில்லை.

மகள் தையல் கம்பெனியில் வேலை பார்த்தாள். துணி திருட்டுப் போகிறது என்று பின்கதவை வெளியிலிருந்து பூட்டி வைத்திருந்தார் முதலாளி. தீப்பிடித்த அன்றும் அது பூட்டித்தான் இருந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் ஒருவர் விடாமல் "விதி" என்றார்கள். விதிக்குக் கை கிடையாது, சாவிக்கொத்தும் கிடையாது. இரண்டும் உள்ள மனிதர் ஜாமீனில் வந்து, கரி படிந்த சுவர்களுக்கு வெள்ளையடிக்க ஆள் தேடினார். முதலில் கூப்பிட்டது உப்புத்தாளைத்தான். அவர் வேலை சுத்தமாக இருக்குமாம். அவர் போகவில்லை.

மகளை அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டது மனைவி. யார் யாரிடமோ கெஞ்சி வாங்கிய வேலை. அதைப் பற்றிக் கணவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாத அந்த வார்த்தைதான் மனைவியை அரித்தது. வாய்விட்டுத் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியாவது இருக்கலாம்.

மகளுடைய டிரஸ்ஸிங் டேபிள் அறையில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. அதன் இடதுபக்கம் அவள் படுக்கும் மூலைக்குள் மறைந்திருந்தது. பழைய சாமான் கடையில் வாங்கியது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, மேலே மரம் மாதிரி வேஷம் போடும் மைக்கா. மனைவி இப்போது வீட்டிலேயே சட்டை தைத்துக் கொடுத்தார். வெட்டிய துணியெல்லாம் கட்டிலுக்கடியில் மூட்டையாகக் கிடந்தது.

ஒருநாள் உப்புத்தாளின் அக்கா வந்தார். "செத்தவ முகம் பாத்த கண்ணாடி. இன்னும் வீட்டுல வெச்சிருக்கியே! தூக்கி வெளிய போடும்மா."

"அவ பாத்த என் முகத்தை எங்க போடுறது, அண்ணி?" என்றார் மனைவி.

அக்கா காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

"துணி வைக்கிற அலமாரியா மாத்திடறேன்" என்றார் உப்புத்தாள்.

அடுத்த விடுமுறையில் கண்ணாடியைக் கழற்றினார். சிக்கிக்கொள்ளும் இழுப்பறைக்கு மெழுகு தேய்த்தார். மைக்கா வழவழப்பானது, வர்ணம் அதில் கால் ஊன்றாது. உரசி அந்த வழவழப்பைச் சாகடித்து, பிரைமர் கொடுத்துக் காயவிட்டு, அப்புறம்தான் வர்ணம். மனைவி நூல் வாங்கப் போய்த் திரும்பியபோது முன்பக்கமும் வலதுபக்கமும் பிரைமர் பூசிக் காய்ந்துகொண்டிருந்தன. இடதுபக்கம் மட்டும் அதற்குள் வர்ணமே ஏறியிருந்தது. மனைவிக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. எல்லாம் முடிந்ததும் உப்புத்தாள் இடதுபக்கத்தைச் சுவரோடு ஒட்டித் தள்ளி வைத்தார். வெளிர்நீலத்தில் பழைய சாமான் என்று சொல்லவே முடியாது.

மூட்டைகள் இழுப்பறைக்குள் போயின. மழைக்காலம் முடிந்து கொஞ்ச நாள் இருக்கும், கத்தரிக்கோல் இடுக்கில் விழுந்துவிட்டது. அலமாரியை இழுத்துக் கையை விட்ட மனைவியின் வளையல் இடதுபக்கத்தில் உரசியது. வர்ணம் வெந்த உருளைக்கிழங்குத் தோல்போல ஒரு பட்டையாகக் கழன்று வந்தது.

உப்புத்தாள் அடித்த வர்ணம் உரிகிறதா? மனைவிக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஊரார் வீட்டுக்கெல்லாம் பார்த்துப் பார்த்து வேலை செய்கிறவர் மனைவிக்கென்றால் ஏனோதானோவென்று பூசியிருக்கிறார். மனசில் இருப்பது வேலையில் தெரிந்துவிட்டது. அப்படித்தான் நினைத்தார், உரிந்த இடத்தைப் பார்க்கும் வரை.

மைக்காவில் ஹேர்பின்னால் கீறிய கீறல்கள். மகளுடைய கையெழுத்து. ஒன்றன்கீழ் ஒன்றாக மேலிருந்து கீழ்வரை. மேலே உள்ளவை கோணலாக இருந்தன. கீழே போகப் போகக் கடைசி எழுத்துக்கு ஒரு வால் முளைத்து, வளைந்து, பெயருக்கடியில் கோடாக ஓடியது. வேலையில் சேர்வதற்கு முந்தின வாரம் அவள் சொன்னது நினைவுக்கு வந்தது: "சம்பளம் வாங்குறப்ப கையெழுத்து கெத்தா இருக்கணும்மா."

வேலை முடிந்து வந்த உப்புத்தாள் உரிந்த பக்கத்தைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எனக்குத் தெரியக்கூடாதுன்னுதான மூடினீங்க?"

"ஆமா."

"உரசி அழிச்சிருந்தா தெரிஞ்சிருக்காதே."

"தாளைக் கையில எடுத்தேன். ஒரு இழுப்புக்கூட இழுக்க முடியல." செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். "சும்மா மேலாப்புல பூசிட்டேன். உரியும்னு தெரியும். அதுக்குள்ள நீ கொஞ்சம் தேறிடுவேன்னு நெனச்சேன்."

"நான்தானே அவளை அங்க சேத்துவிட்டேன். நீங்க அதை ஒரு தடவையாச்சும் கேட்டிருக்கலாம்."

"எதைக் கேக்கிறது?" அவர் குரல் உயர்ந்தது. அந்த வீட்டில் குரல் உயர்ந்து நாளாகியிருந்தது. "வேலைக்கு அனுப்பினது தப்பா? அப்ப இந்தத் தெருவே குத்தவாளிதான். கதவைப் பூட்டினது நீயா?"

மனைவி இல்லையென்று தலையை ஆட்டினார்.

"வாயத் தொறந்து சொல்லு."

"நான் இல்ல."

"ஊரு கேக்கிற மாதிரி சொல்லு. பூட்டினவன் வெள்ளையடிச்ச கட்டடத்துல உக்காந்து நிம்மதியா சோறு திங்கிறான். நீ ஏன் சரியா சாப்பிட மாட்டேங்கிற?"

மனைவி அழுதார். அழுதுகொண்டே நகத்தால் மிச்ச வர்ணத்தை உரிக்கத் தொடங்கினார். உப்புத்தாள் பழைய வர்ணம் சுரண்டும் தகட்டுக் கரண்டியை எடுத்துவந்தார். கீறலில் படாமல், ஓரத்தில் நெம்பி நெம்பிக் கொடுத்தார். தான் அடித்த வர்ணத்தைத் தானே உரிப்பது அவர் தொழிலில் அதுதான் முதல் தடவை.

முழுவதும் உரிந்ததும் கடைசிக் கையெழுத்தின் மேல் மனைவி விரலை வைத்தார்.

"நல்லாப் போட்டிருக்கா, இல்ல?"

"வால் கொஞ்சம் நீளம்."

"இருந்துட்டுப் போகட்டும்."

அலமாரியைத் திருப்பிப் போட்டார்கள், அந்தப் பக்கம் தையல் மெஷினைப் பார்த்து இருக்கும்படி.