காது கேட்கத் தொடங்கிய என் நாயகி

சாலைக் கடைத்தெருவில் நான் காமிக்ஸ் வாங்கும் பழைய புத்தகக் கடைக்கு இன்று மாலை போயிருந்தேன். எல்லா சூப்பர் ஹீரோக்களும் ஒன்றுசேரும் அந்தப் பெருங்கதையின் கடைசி இதழ் வந்திருந்தது.

நான் புரட்டுவதற்குள் கடைக்காரர் சங்கரன் அண்ணனே சொல்லிவிட்டார்.

“காலத்தையே திருப்பி, அவங்க உலகத்த முதல்லேருந்து மாத்திட்டாங்க, கேட்டியாம்மா. உனக்குப் பிடிச்ச அந்தப் பொண்ணுக்கு இப்போ பொறந்ததுலேருந்தே நல்லா காது கேக்குமாம்! சந்தோஷந்தானே?”

எனக்குச் சந்தோஷமாக இல்லை. காது கேளாமலே ஒரு நகரத்தைக் காப்பாற்றியவள் அவள். காதுக்கருவி மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகும் துணிச்சலை எனக்குத் தந்தவள்.

“அப்போ பழைய கதையெல்லாம்?”

“அதொண்ணும் நடக்கவே இல்லைன்னு ஆயிப்போச்சு. இனி அத ஆரு வாங்குவா? எடைக்குப் போடப் போறேன்.”

“போடாதீங்க அண்ணா. அத்தனையும் எனக்கு வேணும்.”

இரண்டு கட்டுகளாகச் சுமந்து வந்துவிட்டேன். வந்ததும் பதிப்பகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்: என் நாயகியை அப்படியே திருப்பிக் கொடுங்கள். பதில் வரும்வரை வாராவாரம் எழுதுவேன்.

அவளுக்கு இப்போது காது கேட்கிறது, சரி. அவளைப் படைத்தவர்களுக்குக் கேட்கிறதா, பார்த்துவிடுவோம். என்னோடு சேர்ந்து யாரெல்லாம் எழுதுகிறீர்கள்?