செருப்போட உள்ள வாங்க

கண்ணாடிக் கதவின் பூட்டைத் திறக்குமுன் பத்துமலை குனிந்து வாசல்படியைப் பார்ப்பார். வெளியே நான்கு பேர் காத்திருந்தால் படியோரம் இரண்டு ஜோடிச் செருப்பாவது கழற்றிக் கிடக்கும். ஜோடியைச் சேர்த்து எடுத்துக்கொண்டு போய் உரியவர் காலடியில் வைப்பார். செருப்புக்குச் சொந்தக்காரர் பதறிப்போய், "என்னண்ணே இது, நீங்க போய்த் தொட்டுக்கிட்டு" என்பார். பத்துமலையிடம் அதற்கு ஒரே பதில்தான் உண்டு.

"செருப்போட உள்ள வாங்க. தரை நம்ம தரைதான்லா."

ஈப்போ, புந்தோங்கில் இருக்கும் 'லண்டன் பேங்க்' கிளையின் வாசல்காரர் அவர். வங்கிக்கு நீளமான சொந்தப் பெயர் ஒன்று உண்டு. புந்தோங்கில் அதைச் சொல்பவர் யாருமில்லை. சம்பளப் பட்டியலில் பத்துமலை வண்டியோட்டி. உண்மையில் அவர் தொழில் கிளை திறப்பது. பேராக் மாநிலத்தில் எங்கே புதுக் கிளை வந்தாலும் முதல் ஆறு மாதம் அவரைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்துவது எழுதாத வழக்கம். நாற்பத்தாறு வயது. குள்ளம். மீசையை மட்டும் உயரமானவருக்கு அளவெடுத்த மாதிரி வைத்திருக்கிறார். வங்கி வருஷத்துக்கு ஒரு ஜோடி கறுப்புத் தோல் சப்பாத்துக் கொடுக்கிறது. ஞாயிறு காலையில் அதைத் துடைத்து மெருகேற்ற ஒரு மணி நேரம் ஒதுக்குகிறார். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் அவரிடம் தேங்காய் உடைக்கச் சொல்லக் கூடாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் அவர் வேலைக்குச் சேர்ந்தபோது பேராக் முழுவதற்கும் ஒரே கிளைதான். மேலே மூன்று வெள்ளைக்காரர்கள். ஒரு மேசை விளக்கு வாங்குவதென்றாலும் லண்டனுக்குக் கடிதம் போய் அனுமதி வரவேண்டும். இன்றைக்கு எட்டுக் கிளைகள். இந்த ஆண்டு, எண்பத்து நான்கில், வங்கி மலேசியாவிலேயே தனிக் கம்பெனியாகப் பதிவாகி, தலைமை அலுவலகம் கோலாலம்பூருக்கு வந்துவிட்டது. ஈப்போவில் பெயர்ப்பலகையின் கடைசியில், உள்நாட்டுக் கம்பெனி என்று காட்டும் 'பெர்ஹாட்' என்ற சொல்லை ஏற்றியபோது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் பத்துமலை. பெயிண்டு அவர் சட்டையில் சொட்டியது. அந்தச் சட்டையை இன்னும் துவைக்கப் போடவில்லை.

கிளைகளைப் பிள்ளைகள் மாதிரிதான் சொல்வார். "பாரிட் புந்தார் எனக்கு மூத்த பொண்ணு. சொன்ன பேச்சு கேக்கும். தஞ்சோங் மாலிம் சண்டி. ரெண்டு வருசம் நடக்கவே மாட்டேன்னுச்சு, இப்ப ஓடுது பாருங்க."

சமையற்கட்டிலிருந்து மனைவி ராக்காயியின் குரல் வரும். "லாபம் லண்டன்காரனுக்கு. பிரசவ வலி மட்டும் இவருக்கு."

மூத்த பெண் பிறந்த கதையை அவரே சொல்ல வேண்டும். எழுபத்து நான்கு. பாரிட் புந்தார் கிளையின் திறப்பு நாள். பத்துமலை அன்றைக்கு மேனேஜரின் காரை ஓட்டி வந்தவர், அவ்வளவுதான். தோட்டத்து ஜனங்கள், வயற்காட்டு ஜனங்கள் எல்லாரும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். பளபளக்கும் மொசைக் தரையைக் கண்டதும் அத்தனை பேரும் செருப்பைக் கழற்றிப் படியில் விட்டார்கள். உள்ளே ஏர்கண்டிஷன் குளிரில் வெறுங்காலோடு நிற்க முடியாமல் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. சாலையோர லோங்காங் நிரம்பிப் படிவரை ஏறிய சாக்கடைத் தண்ணீர் செருப்புகளை அப்படியே வாரிக்கொண்டு போனது.

"நான் முழங்கால் தண்ணியில எறங்கிட்டேன். மார்க்கெட்டு வரைக்கும் துரத்திக்கிட்டுப் போனேன். திரும்பி வந்து எண்ணினா முப்பத்தொண்ணு. ஒத்தப்படை. ஒரு கால் யாருதுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல." வெள்ளைக்கார மேனேஜர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். அடுத்த கிளையில் நீ வாசலில் நில், இவர்களைச் செருப்போடு உள்ளே கொண்டுவா என்றாராம். "அவரு வெளையாட்டாத்தான் சொன்னாரு. நான் வெளையாட்டா எடுத்துக்கல."

எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் இருந்தது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் பிறந்தார். அப்பா மாயாண்டி பால்மரம் வெட்டியவர். ஒரு தீபாவளிக்கு முதன்முதலாகச் செருப்பு வாங்கி, மறுநாள் அதைப் போட்டுக்கொண்டே தோட்டத்து ஆபீஸ் படியேறிவிட்டார். விடியற்காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டு முடிகிறவரை, இரண்டு செருப்பையும் இரண்டு கையில் தூக்கிப் பிடித்தபடி அவரை நிற்கவைத்தார்கள். பத்துமலைக்கு அப்போது ஏழு வயது. பிறகு தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். குடும்பம் புந்தோங்குக்கு வந்தது. இந்தக் கதையை அவர் கலங்காமல், கார் எத்தனை மைல் ஓடியது என்பதுபோலச் சொல்வார்.

புந்தோங்கில் கிளை வேண்டும் என்று எட்டு வருஷம் கேட்டுக்கொண்டிருந்தவரும் அவர்தான். காரில் ஏறுகிற மேனேஜர்களிடமெல்லாம் கேட்டிருக்கிறார். கச்சாங் பூத்தே என்கிற கடலைவகை வறுத்து ஊரெங்கும் அனுப்புகிற ஜனங்கள், மரக்கடை, இரும்பு ஒட்டுகிற பட்டறை, கோயில்கள், இத்தனையும் இருக்கிற இடத்தில் பேங்க் இல்லையா என்பது அவர் வாதம். கடைசியில் ஜூன் மாதம் கிளை வந்தது, ஒரு நிபந்தனையோடு. டிசம்பருக்குள் நானூறு வாடிக்கையாளர் சேராவிட்டால் கதவை மூடிவிடுவார்கள். நவம்பர் கடைசியில் முந்நூற்று எழுபதில் நின்றது.

கிளையின் மேனேஜர் தியாகராஜா. யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர். பேராக்கில் வெள்ளைக்காரர் இல்லாத முதல் மேனேஜர் அவர். கோலாலம்பூர் தலைமை அலுவலகம் அவர் அறைக்கு நீலக் கம்பளம் போட்டுக் கொடுத்திருந்தது. அவருக்கும் செருப்பு ஒரு கவலை. வாசலில் சிதறிக் கிடப்பது அவர் கண்ணை உறுத்தியது. சொந்தச் செலவில் செருப்பு அடுக்கும் மரத் தட்டு ஒன்று வாங்கி வெளியே வைக்கச் சொன்னார்.

மறுநாள் தட்டில் மூன்று அடுக்கிலும் காகிதப்பூச் செடிகள் இருந்தன.

"உது என்ன பத்துமலை, பூக்கண்காட்சியோ?"

"வாசல் அழகா இருக்கணும்னு சார்தானே சொன்னீங்க."

"செருப்பை நீர் கையாலே தூக்கிறீர். சனம் என்னத்தை நினைக்கும்? இது பேங்க் அப்பா."

"அதான் சார். பேங்க்குன்னுதான் தூக்குறேன். தோட்டத்து ஆபீசா இருந்தா அவங்களே தூக்கிக்குவாங்க."

தியாகராஜா பேனா மூடியைத் திருகினார். பூச்சட்டிகள் அங்கேயே இருந்தன.

வராமல் நின்ற முப்பது பேரும் ஒரே சந்தில் இருந்தார்கள். கச்சாங் பூத்தே வறுக்கிற சந்து அது. கருப்பம்மாள் எழுந்தால் அந்தச் சந்தே எழும். அவள் உட்கார்ந்தால் உட்காரும். ஐம்பது வயதுக்காரி, பத்துமலை பிறந்த அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். ஒருநாள் மத்தியானம் அவர் அவள் அடுப்புக்கு முன்னால் போய்க் குந்தினார்.

"அக்கா, எப்ப வர்றே பேங்குக்கு?"

"செருப்பைக் கழட்டிட்டு நிக்கிற எடத்துக்கெல்லாம் இனிமே நான் வாரதில்லடா. தோட்டத்துல நின்னதே போதும்."

"அங்க யாரும் கழட்ட வேணாம்லா. பத்து வருசமா அதைத்தானே கத்திக்கிட்டு இருக்கேன்."

கருப்பம்மாள் கரண்டியால் வறுசட்டி மணலைக் கிளறினாள். "போன வாரம் உனக்குக் கடலை குடுக்க வந்தேனில்ல. கண்ணாடி வழியாப் பாத்தேன். மேனேஜரு கூப்பிட்டாரு. நீ என்ன பண்ணினே? ரூம் வாசல்ல குனிஞ்சு சப்பாத்தை ரெண்டையும் கழட்டி ஓரமா வச்சிட்டு, காலுறையோட உள்ள போனே."

பத்துமலை குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார்.

"ஊருக்கெல்லாம் செருப்போட வாங்க. நீ மட்டும் காலுறையோட." சந்திலிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "நீ மொதல்ல சப்பாத்தோட அந்த ரூமுக்குள்ள போடா. நாங்க கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு பாக்குறோம். அப்பறம் பேசலாம்."

அவள் சொன்னது மெய். பதினாறு வருஷமாக எந்த மேனேஜர் அறைக்குள்ளும் அவர் சப்பாத்தோடு போனதில்லை. யாரும் கழற்றச் சொன்னதுமில்லை. அறை வாசல் வந்ததும் கை தானாகக் கீழே போகும். ராக்காயியிடம்கூட அன்றைக்கு இதைச் சொல்லவில்லை. சப்பாத்தை மட்டும், ஞாயிறு இல்லாத நாளில், எடுத்துத் துடைத்தார். ராக்காயி பார்த்துவிட்டு விளக்கை அருகே நகர்த்தி வைத்தாள்.

டிசம்பர் பத்தொன்பது. தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி வந்திருந்தார். புதுக் கம்பெனியிலும் தங்கிவிட்ட வெள்ளைக்காரர். கிளை இருப்பதா மூடுவதா என்று முடிவெடுக்கத்தான் வந்தார். வெளியே நல்ல மழை. கணக்கு இன்னும் முந்நூற்று எழுபதுதான். பத்து மணிக்கு, அதிகாரி வந்த செய்தி கேட்டு, சந்துப் பெண்கள் குடையும் பிளாஸ்டிக் தாளுமாக வந்து காகிதப்பூச் செடிகளுக்குப் பக்கத்தில் கூட்டமாக நின்றார்கள். எல்லார் காலிலும் ஜப்பான் சிலிப்பர் என்கிற ரப்பர் செருப்பு. கருப்பம்மாள் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைத்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே மணி அடித்தது. தியாகராஜா அறைக் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார்.

"பத்துமலை, பெரியவர் உம்மைப் பார்க்கவேணுமாம். வாசல்லே நிக்கிற ஆளைக் கூப்பிடச் சொல்றார்."

பத்துமலை கூடத்தைக் கடந்தார். இருபது அடி இருக்கும். மழையில் நின்ற சப்பாத்து மொசைக்கில் ஈரமாகச் சத்தமிட்டது. அறை வாசலில் நீலக் கம்பளம் தொடங்குகிற இடத்தில் நின்றார். எப்போதும்போலக் கை கீழே போனது. குனிந்தார். விரல் கயிற்று நுனியைப் பிடித்துவிட்டது. ஓர் இழுப்பு இழுத்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும்.

அப்படியே கொஞ்ச நேரம் குனிந்திருந்தார். தியாகராஜாவுக்கு அவர் முதுகு மட்டும் தெரிந்தது. "என்னப்பா, காலிலே என்னவும் பட்டதோ?"

பத்துமலை கயிற்றை இழுக்கவில்லை. முடிச்சின்மேல் இன்னொரு முடிச்சுப் போட்டார். அடுத்த காலுக்கும் அப்படியே. பிறகு நிமிர்ந்து, சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, வலது காலைத் தூக்கிக் கம்பளத்தின்மேல் வைத்தார். நீலத்தில் கறுப்பாக ஈரத்தடம் ஒன்று விழுந்தது. தியாகராஜா தடத்தைப் பார்த்தார். பத்துமலையின் முகத்தைப் பார்த்தார். கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டார்.

வெள்ளைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்து கையை நீட்டி ஏதோ சொல்லத் தொடங்கினார். அதே நேரம், பின்னால் கண்ணாடிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மழையிரைச்சல் உள்ளே வந்தது. அதோடு, மொசைக் தரையில் ஒரு ஜோடி ரப்பர் சிலிப்பர் சளக் சளக்கென்று தட்டுகிற ஓசை. பிறகு இன்னொரு ஜோடி. பிறகு எண்ண முடியாத அளவுக்கு.

பத்துமலை திரும்பிப் பார்க்கவில்லை. நீட்டிய கையை இன்னும் தொடவுமில்லை. கண்ணை மூடி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, சற்றுப் பொறுங்கள் என்று ஒற்றை விரலை வெள்ளைக்காரத் துரையின் முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தபடி, கேட்டுக்கொண்டு நின்றார்.