துவாலுவுக்கு நான் சொன்ன பதில்

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது ஒரு சனிக்கிழமை காலை முழுக்க நான் பணக்கார நாடாக இருந்தேன். ஐரோப்பாவின் வடக்கு மூலையில், குளிர் அதிகமான, ஆள் குறைவான, பணத்துக்குப் பஞ்சமில்லாத ஒரு நாடு. பெயரைச் சொல்லப்போவதில்லை. அந்த நாட்டுக்காரர்கள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அன்றைக்கு நான் பேசிய பேச்சுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமும் இல்லை.

பூந்தமல்லியில் நான் படித்த பள்ளியில் அந்த வருடம்தான் முதல்முதலாக மாதிரி உலக மாநாடு வைத்தார்கள். ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாக உட்கார்ந்து, ஒரு உலகப் பிரச்சினையைப் பற்றிப் பேசி, கடைசியில் ஓட்டெடுத்துத் தீர்மானம் போட வேண்டும். பெரிய பள்ளிகளில் இதையெல்லாம் ஆங்கிலத்தில் நடத்துவார்களாம். எங்கள் தாளாளர், "அப்பா அம்மாவெல்லாம் வந்து உக்காருவாங்க, அவங்களுக்குப் புரிய வேணாமா?" என்று கேட்டுத் தமிழிலேயே நடத்தச் சொல்லிவிட்டார். நல்ல மனிதர். அவர் கொஞ்சம் கெடுபிடியாக இருந்திருந்தால் எங்கள் குடும்பத்தில் ஒரு சங்கடம் குறைந்திருக்கும்.

சோஷியல் மிஸ் தன் டிபன் பாக்ஸைக் கழுவித் துடைத்து அதில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார். எனக்குப் பணக்கார நாடு வந்தது. என் மாமா பெண்ணும் அதே வகுப்புதான். அவளுக்கு வந்தது துவாலு, பசிபிக் கடலில் ஒரு குட்டித் தீவு நாடு. கடல் ஏறி ஏறி ஒருநாள் அது மூழ்கிவிடும் என்கிறார்கள். மாநாட்டின் தலைப்பும் அதுதான்: மூழ்கும் நாட்டு மக்களை யார் ஏற்றுக்கொள்வது?

மாமாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் அண்ணன். பூந்தமல்லியில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டர், எழுத்து வேலையெல்லாம் அவருடையது. செம்பரம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் ஷீட் போட்ட வீட்டில் இருபது வருடமாகக் குடியிருந்தார்கள். அந்த மாதம்தான் அவர் வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். இடம் ஏரிக்குச் சொந்தம், காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் இடித்துவிடுவோம் என்று. எங்களுக்குக் கோவில்பதாகையில் சொந்த வீடு. ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்த அப்பா லோன் போட்டு மாடியில் ஒரு போர்ஷன் எழுப்பி, வாடகைக்கு ஆள் வராமல் அது இரண்டு மாதமாகப் பூட்டிக் கிடந்தது. வேறு வழி கிடைக்கும்வரை மாடியில் இருந்துகொள்ளட்டுமா என்று மாமா அம்மாவிடம் கேட்டிருந்தார். அப்பா பதில் சொல்லாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தார்.

இதில் எனக்குத் தெரிந்தது மாடி காலியாக இருக்கிறது என்பது மட்டும்தான். நோட்டீஸ் சங்கதியை யாரும் என் காதில் போடவில்லை. பிள்ளைக்குப் பரீட்சை, அவளிடம் எதற்கு என்று விட்டிருப்பார்கள். மாமா பெண்ணுக்கு எல்லாம் தெரியும். தினமும் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள், அவளும் சொல்லவில்லை.

நாடுகளின் பெயர்ப்பலகைகளை மாமாதான் எழுதினார். காசு வேண்டாம் என்றுவிட்டார். பதினெட்டுப் பலகைகளைப் பட்டறைக்குக் கொண்டுபோய், லாரிக்கு எழுதுகிற அதே கையோடு எழுதிவிட்டார். மஞ்சளில் எழுத்து, சிவப்பில் நிழல், இரண்டு பக்கமும் தாமரை. ஆப்பிரிக்கா, ஐரோப்பா என்று பாரபட்சம் பார்க்காமல் எல்லா நாடுகளும் நேஷனல் பெர்மிட் வாங்கியதுபோல் ஜொலித்தன.

ஒருநாள் பள்ளி விட்டதும் நாங்கள் இருவரும் பட்டறைக்குப் போனபோது என் பலகையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். "இன்னா கண்ணு, உன் நாட்டுப் பேரு இம்மாம் நீட்டு கீது? ஒரு பூவ எடுத்துட்டா அடங்கிடும்" என்றார்.

"பூ வேணும் மாமா. மத்தவங்களுக்கெல்லாம் ரெண்டு கீதில்ல?"

சிரித்துக்கொண்டே எழுத்தை அழித்துச் சின்னதாக எழுதினார். பிறகு தன் பெண்ணின் பலகையை எடுத்தார். "இது எங்க கீது, துவாலு?"

"கடல்ல. முழுவப்போவுது" என்றாள் அவள்.

மாமா கொஞ்ச நேரம் பிரஷ்ஷைத் தின்னரில் அலசிக்கொண்டிருந்தார். "சரி, ரெண்டு கோட்டிங் அடிச்சிடுவோம்" என்றார்.

எனக்கு அப்போது வாய் கொஞ்சம் நீளம். நன்றாகப் பேசுகிறவருக்கு ஒரு கோப்பை உண்டு, அதை வாங்கியே தீருவது என்று இருந்தேன். ஆனால் என் நாட்டுத் தரப்பு இக்கட்டானது. "உன் நாடு பணம் குடுக்கும், ஆளுங்களைச் சேத்துக்காது. அதுக்கு நியாயம் சொல்லணும், கேக்கறவங்க ஒத்துக்கணும்" என்றார் மிஸ். அப்பாவின் போனில் தேடித்தேடிப் பார்த்தும் கிடைத்ததெல்லாம் புள்ளிவிவரம். புள்ளிவிவரத்துக்கு எவன் கை தட்டுவான்?

வியாழக்கிழமை சாயங்காலம் ஹாலில் பேப்பரும் பேனாவுமாக முழித்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அப்பா சமையலறை வாசற்படியில் நின்று அவளிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"நான் பாவம் பாக்காதவனா? ஒருதடவ உள்ள வுட்டுட்டா அப்புறம் எப்பக் கெளம்புவீங்கன்னு நாம கேக்க முடியுமா, சொல்லு. ஆறு மாசம்பாங்க. ஆறு மாசம் ஆறு வருசமாவும். வேணும்னா கையில எதனா குடுப்போம், வேற எடம் பாத்துத் தருவோம். இங்க வாணாம். பாசம் வேற, பட்டா வேற."

அந்தக் கடைசி வரி அப்பாவின் சொந்தச் சரக்கு. சொந்தக்காரர்களுக்குள் மனைத் தகராறு என்று எது வந்தாலும் அதைச் சொல்லித்தான் முடிப்பார். எங்கள் பக்கத்தில் அது பிரசித்தம், கல்யாண வீடுகளில் அவரைப்போலவே சொல்லிக்காட்டிக் கிண்டல் செய்கிற சித்தப்பாக்கள்கூட உண்டு. நான் "யாருப்பா?" என்று குரல் கொடுத்தேன்.

"ஒண்ணுமில்ல, மாடிக்கு ஆள் கேக்கறாங்க. நீ எழுது."

எழுதினேன். அப்பா சொன்னதை ஒரு வரி விடாமல் எழுதினேன். 'வுட்டுட்டா' என்பதை 'அனுமதித்துவிட்டால்' என்று மாற்றினேன், 'எதனா' என்பதை 'நிதியுதவி' ஆக்கினேன். ஒரு வாரமாகத் தேடிய நியாயம் சொந்த வீட்டுச் சமையலறையிலேயே கிடைத்ததில் எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

சனிக்கிழமை வந்தது. பிரதிநிதிகள் கோட்டு போட்டு வந்தால் நல்லது என்று மிஸ் சொல்லியிருந்தார். எங்கள் ஜனங்களில் மாப்பிள்ளை கோட்டுப் போட்டுத்தான் சர்ச்சில் நிற்பார், அதனால் பீரோவில் அப்பாவின் கல்யாணக் கோட்டு இருந்தது. அம்மா கையை மடித்து உள்ளே தையல் போட்டுக் கொடுத்தாள். விடியற்காலையிலேயே எழுந்து மட்டன் குழம்பும் வைத்துவிட்டாள். மாநாடு முடிந்ததும் மாமா குடும்பம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக ஏற்பாடு. சாப்பாடு முடிந்து அண்ணன் எதிரில் உட்கார்ந்தால் அப்பாவால் இல்லை என்று சொல்ல முடியாது என்பது அம்மாவின் கணக்கு. இதை அவள் எனக்குச் சொன்னது நான் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான்.

பலகை எழுதிய மரியாதைக்கு மாமாவை முதல் வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அவர் பக்கத்தில் அப்பா, அப்பா பக்கத்தில் அம்மா. அத்தைக்கு அன்று வேலைக்குப் போக வேண்டியிருந்தது.

ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் நேரடியாக ஒரு கேள்வி கேட்கலாம் என்று விதி. துவாலுவின் முறை வந்தபோது அவள் தாளைப் பார்த்துக் கடல்மட்டம், பவளப்பாறை என்று ஒத்திகையில் படித்ததையே படித்தாள். பிறகு தாளை மடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"உங்களிடம் இடம் காலியாக இருக்கிறது. எங்கள் வீடு போய்விட்டால் கொஞ்ச நாளைக்கு எங்களை உங்களோடு வைத்துக்கொள்வீர்களா?"

ஒத்திகையில் இந்தக் கேள்வி கிடையாது. என்னை மடக்கப் பார்க்கிறாள் என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தேன். நல்ல கணீரென்ற குரல் எனக்கு, மைக்கே வேண்டாம்.

"துவாலுவின் மீது எங்களுக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒருமுறை உள்ளே அனுமதித்துவிட்டால், எப்போது கிளம்புவீர்கள் என்று நாங்கள் கேட்க முடியுமா? ஆறு மாதம் என்பீர்கள். ஆறு மாதம் ஆறு வருடமாகும். வேண்டுமானால் நிதியுதவி தருகிறோம். வேறு இடம் பார்த்துத் தருகிறோம். இங்கே வேண்டாம்." கொஞ்சம் நிறுத்தி, அப்பாவைப் போலவே ஆள்காட்டி விரலை ஆட்டி முடித்தேன். "பாசம் வேறு, பட்டா வேறு."

அரங்கம் அதிர்ந்தது. மனை வாங்கிவிட்டுப் பட்டாவுக்கு அலைகிற ஆட்கள் பாதிப் பேர் அங்கே இருந்திருப்பார்கள், விசில்கூட வந்தது. தாளாளர் மேசையைத் தட்டிச் சிரித்தார். நான் முதல் வரிசையைப் பார்த்தேன், பெருமையாகத்தான் பார்த்தேன். மாமா அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா மேடையில் தொங்கிய காகிதத் தோரணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், அவளும் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். பிறகு மாமாவும் கை தட்டினார்.

துவாலுவுக்குப் பதில் பேச இரண்டு நிமிடம் உண்டு. "ஒண்ணுமில்ல மிஸ்" என்று அவள் உட்கார்ந்துவிட்டாள். ஓட்டெடுப்பில் நிதி மட்டும் கொடுப்பது, குடியேற்றம் கிடையாது என்ற என் தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்களில் அவளும் ஒருத்தி. "நீ எதிர்க்கணும்மா" என்று மிஸ் அவள் காதருகே குனிந்து சொன்னார். "பரவால்ல மிஸ்" என்றாள். இறக்காமல் அப்படியே வைத்திருந்தாள் கையை. அவளுக்கு விளையாட்டின் விதியே புரியவில்லை என்று எனக்கு இளக்காரமாக இருந்தது.

கோப்பை எனக்கு. மாமா வந்து என் தலையில் கை வைத்தார். "ஜோரா பேசுன கண்ணு. கண்ண மூடிக்கினா உங்க அப்பா பேசற மாறியே கீது."

பிறகு அம்மாவிடம், "நீங்க கெளம்புங்கம்மா. பட்டறையில வண்டி ஒண்ணு நிக்குது, இன்னிக்கு டெலிவரி குடுக்கணும். இன்னொரு நாளு வரேன்" என்றார்.

"சமைச்சு வச்சுக்கினு கீறேண்ணா."

"இருக்கட்டும். கொழந்த துன்னும்."

அப்பாவிடமும் சொல்லிக்கொண்டார். "வரட்டா மாப்ள" என்றார், எப்போதும் சொல்கிற மாதிரியேதான். அப்பா "சரிங்க" என்றார். மாமாவும் அவர் பெண்ணும் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்கள். நான் கூப்பிட்டுக் கை ஆட்டினேன், அவள் திரும்பவில்லை. கோப்பை போன எரிச்சல் என்று முடிவு கட்டினேன்.

இரண்டே வாரத்தில் அவள் பள்ளியிலிருந்து டிசி வாங்கிக்கொண்டாள். நகரத்தின் அந்தக் கோடியில், கடற்கரைப் பக்கம், நாலாவது மாடியில் ஒற்றை அறை ஒன்றை, இடித்த வீட்டுக்குப் பதிலாக அரசாங்கம் அவர்களுக்கு ஒதுக்கியிருந்தது. மாமா பட்டறைக்கு இரண்டு பஸ் மாறி வந்துகொண்டிருந்தார், அப்புறம் அதையும் விட்டுவிட்டார். எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு இன்றைக்கும் வருகிறார், மொய் எழுதுகிறார், சாப்பிட்டுவிட்டுப் போகிறார். அந்த மாநாட்டைப் பற்றி அவரும் பேசியதில்லை, அவர் பெண்ணும் பேசியதில்லை. எனக்குக் கேட்க வாய் வராது. இவ்வளவு வருடம் கழித்தும் நினைத்தால் காது சூடாகிறது.

அன்றைக்குத் திரும்பும் வழியில் ஆவடியில் ஒரு பேக்கரி முன்னால் அப்பா தானாகவே வண்டியை நிறுத்தினார். வழக்கமாக நான் கெஞ்சினாலும் நிறுத்தாத ஆள். அம்மா இறங்கி வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள், தனக்கு ஒன்றும் வேண்டாம் என்றாள். அப்பா எனக்கு ஐஸ்கிரீம் வாங்கினார். அது முடிவதற்குள் இன்னொன்றுக்கும் சொன்னார். எதிரில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல், "சாப்டு, சாப்டு. நல்லா பேசினே" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். அவர் குரல் லேசாகியிருந்தது, பெரிய வேலை ஒன்று முடிந்த ஆள்போல் இருந்தார். வெளியே அம்மா எங்கள் பக்கம் முதுகு காட்டி ரோட்டைப் பார்த்து நின்றிருந்தாள். எல்லாம் கோப்பைக்காகத்தான் என்று நினைத்து, நான் இரண்டாவது கப்பையும் வழித்துச் சாப்பிட்டேன்.