மனுவேல் மாமா அளந்த மழை

எங்கள் எஸ்டேட்டில் வானத்துக்கு ஆஜர் போடுகிற ஒரே ஆள் மனுவேல் மாமா. நாற்றுப் பண்ணையில்தான் வேலை. ஆனாலும் காலை எட்டு மணிக்கு மழைமானியைத் திறந்து, சேர்ந்த தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, நோட்டில் எழுதிய பிறகுதான் மண்ணைத் தொடுவார். இருபத்தோரு வருஷம். மகள் ஜெயமேரியின் கல்யாணத்தன்றும் அளந்துவிட்டுத்தான் சர்ச்சுக்குப் போனாராம்.

"முன்ன ஒரு வாரம் பெய்யறத இப்ப ஒரே நாள்ல ஊத்திட்டு ஓடிருதுங்க," என்பார் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டரிடம். "மார்ச்சு மழையும் தள்ளித் தள்ளிப் போவுது. அது இல்லீன்னா காப்பி எங்கங்க பூக்கும்? எம்பேரன் காலத்துல இந்த மலையில காப்பி நிக்குமாங்கறதே சந்தேகந்தானுங்க."

ரைட்டர் சிரிப்பார். நானும் சிரிப்பேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, அவரிடம் நாற்றுப் பைக்கு மண் நிரப்ப வந்தவள் நான். தொண்ணூறாம் வருஷம் மார்ச்சில், ஒரு விடியலில், அரை டம்ளர் தண்ணீரை மழைமானிக்குள் ஊற்றி வைத்தேன்.

மாமா குவளையைப் பார்த்தார். காய்ந்த புல்லைத் தடவினார். எங்கள் மலையில் கரடியூரில் பெய்யும் மழை வாழவந்தியில் பெய்யாது. அதனால் புல்லைவிடக் குவளையை நம்பினார்.

"இங்கமட்டும் ஒரு தூத்தல் போட்டிருக்குது. நான் தூங்கிட்டேனாட்ட இருக்குது," என்று எழுதிக்கொண்டார். நான் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டேன். அப்புறமும் சில நாள் ஊற்றினேன்.

ரெண்டு வருஷம் கழித்துச் சேலத்துக் கல்லூரியிலிருந்து ஒரு சார் வந்தார். புகையால் பூமி சூடேறுகிறதாம். ஐம்பது வருஷம் போனால் மலையில் எது விளையும், எந்த ஊற்று மிஞ்சும் என்று பார்க்கப் பழைய மழைக் குறிப்புகள் வேண்டுமாம். மாமா எல்லா நோட்டையும் துண்டில் மூட்டை கட்டிக் கொண்டுவந்து வைத்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

சாரின் விரல் தொண்ணூறு மார்ச்சில் நின்றது. "இந்த நாளெல்லாம் பக்கத்து எஸ்டேட்ல ஒரு சொட்டு இல்லையே. யாராவது கை வெச்சாங்களா?"

"அப்படிப்பட்டவங்க இங்க ஆருமில்லீங்க. நாந்தான் தப்பாப் பாத்திருப்பேன்."

"அப்ப மத்த வருஷத்தை எப்படிங்க நம்பறது?" சார் நோட்டுகளைத் தள்ளி வைத்தார்.

கதவருகே மண்கூடையோடு நின்று எல்லாவற்றையும் கேட்டேன். சார் பஸ்ஸுக்குப் போன பிறகுதான், ஊற்றியது நான்தான் என்று மாமாவிடம் சொன்னேன்.

மாமா திட்டவில்லை. "எந்தெந்த நாளு? சொல்லு கண்ணு. பஸ்சு நாலு மணிக்குத்தான்."

"நாலு தடவைங்க மாமா. அஞ்சாவும் இருக்கும்."

"நாலா, அஞ்சா?"

"தெரியலீங்க."

நோட்டை விரித்து, தொண்ணூறு மார்ச் முழுவதையும் கோடு போட்டு அடிக்க ஆரம்பித்தார். இருபத்தேழாம் தேதியில் பேனா தயங்கியது. அன்றைக்கு உண்மையாகவே கொட்டியது. அதில்தான் அந்த வருஷத்துக் காப்பி பூத்தது.

"அது நெச மழைங்க மாமா. நானே நனைஞ்சேன்."

"ஊத்துனவளும் நீதான், நனைஞ்சவளும் நீதான்," என்று சொல்லி அதையும் அடித்தார்.

மூட்டையோடு என்னையும் கூட்டிக்கொண்டு ஓடி, பஸ் படியில் நின்ற சாரிடம் என்னையே சொல்ல வைத்தார். பஸ்ஸே எட்டிப் பார்த்தது. சார் மூட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "பாக்கறேன்," என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் எட்டு மணிக்கு மாமா மழைமானியை அளந்து, எழுதி, அதற்கு ஒரு பூட்டுப் போட்டார்.