ஐந்தரைக் கட்டை

"மூச்சை நல்லா இழுங்க... அப்படியே பிடிங்க... ம், விடலாம்."

இதை ஒரு நாளைக்கு எண்பது முறை சொல்லி, இருபத்து நான்கு வருடங்களாகச் சம்பளம் வாங்குகிறவள் அவள். மருத்துவமனையில் எல்லாருக்கும் எக்ஸ்ரே அக்கா. ஞாயிற்றுக்கிழமை காலையில், தேவாலயத்தின் பின்பக்க மாடத்தில், ஆர்கன் அக்கா. இரண்டு இடத்திலும் ஒரே குணம்தான். அசைவு அவளுக்குப் பிடிக்காது. படம் எடுக்கும்போது நோயாளி அசையக் கூடாது, பாடும்போது சுருதி அசையக் கூடாது.

அந்த வாரம் முழுவதும் அவள்தான் ஓரிடத்தில் நிற்கவில்லை.

திங்கட்கிழமை போதகர் போன் செய்தார். "அக்கா, வர்ற ஞாயித்துக்கிழமை நம்ம லிஃப்ட் தம்பியைத் திருவிருந்துல மறுபடி சேத்துக்கலாம்னு முடிவாயிருக்கு. சங்கீதம் பாடுவான். நீங்க வாசிக்கணும். மனசு ஒப்பலைன்னா சொல்லிடுங்க, தப்பே இல்ல."

"இருபத்திரெண்டு வருஷமா ஒரு ஞாயிறு கூட நான் லீவு போட்டதில்ல பாஸ்டர்" என்றாள். அது சம்மதமா மறுப்பா என்று போதகருக்கும் புரியவில்லை, அவளுக்கும் புரியவில்லை.

லிஃப்ட் தம்பி என்பவன் அதே சபையைச் சேர்ந்த ஒரு மெக்கானிக். நான்கு வருடங்களுக்கு முன், அவள் கணவர் வேலை பார்த்த ஆறு மாடிக் கட்டடத்தின் லிஃப்டை மாதாமாதம் ஏறிப் பார்க்க வேண்டிய பொறுப்பு அவனுடையது. நான்கு மாதமாக அவன் ஏறவே இல்லை. கேன்டீன் மேசையில் உட்கார்ந்து, பரிசோதனைப் பதிவேட்டின் நான்கு மாதத்துக் கட்டங்களிலும் ஒரே நாளில், ஒரே பேனாவால் கையெழுத்துப் போட்டிருந்தான். அடுத்த வாரம் லிஃப்ட் விழுந்தது. உள்ளே இருந்தவர் ஒரே ஒருவர். அவள் கணவர்.

அன்று மதியம் எக்ஸ்ரே அறைக்கு ஒரு ஸ்ட்ரெச்சர் வந்தது. வழக்கம்போல முகத்தைப் பார்க்காமல் முதலில் சீட்டைத்தான் வாங்கிப் பார்த்தாள். சீட்டில் தன் புருஷன் பெயர்! வேறு ஆள் டியூட்டியில் இல்லை. நொறுங்கிய அந்தக் காலை அவளே படம் எடுத்தாள். கால் படத்துக்கு மூச்சைப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் "மூச்சைப் பிடிங்க" என்றாள். அதை யாருக்குச் சொன்னாள்? அந்தக் கேள்வி இன்றுவரை அவளைத் தூங்கவிடவில்லை.

இடது கால், முழங்காலுக்கு மேலேயே போய்விட்டது. மெக்கானிக்குக்கு இரண்டு வருடம் சிறை. தண்டனை முடிந்து வந்த பிறகும் ஒரு வருடமாகத் தேவாலயத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்து நேரத்தில் எழுந்து வெளியே போய்விடுவான்.

அந்தச் சபையில் ஒரு பழைய முறை உண்டு. விலக்கி வைக்கப்பட்டவர் திரும்பி வரும்போது பீடத்தின் முன் நின்று, தன் குற்றத்துக்காக அழுத ராஜாவின் சங்கீதத்தை, வேதத்தில் உள்ள அந்த மன்னிப்புப் பாட்டை, பாட வேண்டும். ஆர்கன் தொடக்கச் சுருதியை மட்டும் கொடுக்கும்; முதல் சரணம் துணையில்லாமல். தப்பு செய்தவன் தனியாகத்தான் கேட்க வேண்டும் என்பது கணக்கு. இரண்டாம் சரணத்தில் ஆர்கன் சேரும். ஆர்கன் சேர்ந்தால் சபை முழுவதும் எழுந்து நின்று சேரும். அப்போதுதான் அவன் மறுபடி இவர்களில் ஒருவன்.

ஆக, ஊரார் எல்லாரும் சேர்ந்து சொல்ல வேண்டிய பதிலின் முதல் சத்தம் அவள் விரலில் இருந்தது.

கணவரோ அதைப் பற்றிக் கவலைப்பட்ட மாதிரியே தெரியவில்லை. ஆறாவது மாடியில் வேலை பார்த்தவர் இப்போது அதே கட்டடத்தின் தரைத்தளத்தில், வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறார். "எல்லாரும் மேல ஏறுறாங்க, நான் ஒருத்தன்தான் இறங்கினேன்" என்று வருகிறவர்களிடம் சிரிப்பார்.

"நீங்க அவனை மன்னிச்சிட்டீங்களா, இல்லையா? நேரா சொல்லுங்க" என்று செவ்வாய்க்கிழமை காலையில் தட்டை மேசையில் வைத்தபடியே கேட்டாள்.

"மன்னிச்சாச்சும்மா."

"எப்படிங்க முடியுது உங்களால?"

"வேதத்துலேயே காலுக்குக் கால்னு போட்டிருக்கு. சரின்னு யோசிச்சுப் பாத்தேன். அவன் காலை வாங்கி நான் என்ன பண்ண? அவன் எட்டாம் நம்பர் செருப்பு, நான் பத்து."

"விளையாடாதீங்க."

"ஏழெழுபது தரம் மன்னிக்கணும்னு இருக்கே. நான் ஒரு தரம் பண்ணிட்டேன். மிச்சம் நானூத்தி எண்பத்தொம்பது உனக்குத்தான் எடுத்து வச்சிருக்கேன்."

அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "கால் உங்களுது. நீங்க மன்னிக்கலாம். என்னுது என்ன போச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவருக்குத் தெரியும். அவர் பாடகர் குழுவில் கனத்த குரல்காரர். பதினெட்டு வருடம் ஆர்கனுக்கு இடப்பக்கம் நின்று பாடியவர். அவள் தலையை லேசாக அசைத்தால் போதும், பக்கத்தைத் திருப்புவார். மாடத்துக்குப் போக மரத்தாலான வளைந்த படிக்கட்டு, பதினேழு படி. ஊன்றுகோல் நுழையாத அகலம். நான்கு வருடமாக அவர் கீழே முதல் பெஞ்சில். வாயே திறப்பதில்லை. மேலே அவள் ஒரு கையால் வாசித்து, மறு கையால் தானே பக்கத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஒவ்வொரு முறை திருப்பும்போதும் இடது பக்கம் காலியாக இருப்பது தெரியும்.

புதன்கிழமை அவள் வாழ்க்கையிலேயே செய்யாத தப்பைச் செய்தாள்.

எக்ஸ்ரே படத்தில் இடது, வலது என்று காட்ட ஒரு சின்ன ஈய எழுத்தைப் பக்கத்தில் வைப்பார்கள். கணுக்கால் வீங்கி வந்த ஒரு குழாய் ரிப்பேர்காரருக்கு எழுத்தை மாற்றி வைத்துவிட்டாள். எலும்பு டாக்டர் அவளைவிடப் பத்து வயது சின்னவள். படத்தையும் எடுத்துக்கொண்டு நேராக அறைக்கே வந்தாள்.

"அக்கா, உங்க படம் வலது கால்னு சொல்லுது. அவர் இடது காலைப் பிடிச்சுக்கிட்டு அலறுறார். யாரை நம்பட்டும்?"

நல்ல காலில் கத்தி வைத்திருந்தால்? "டாக்டர்... நான்... மன்னிச்சிடுங்க..."

"முதல்ல தவறு பதியுற புத்தகத்துல எழுதுங்க. என்ன நடந்துச்சோ அப்படியே. நான் கண்டுபிடிச்சேன்னு என் பேரையும் போடுங்க. அப்புறம் மறுபடி ஒரு படம் எடுங்க."

எழுதினாள். "அவ்வளவுதானா டாக்டர்?"

"வேற என்ன, தூக்குல போடணுமா? எழுதியாச்சுல்ல? அடுத்த ஆளைக் கூப்பிடுங்க, வெளிய முப்பது பேர் நிக்கிறாங்க."

இவ்வளவு லேசாகத் தன்னை விட்டுவிட்டார்களே என்று அவள் அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கண் கலங்கினாள். அந்தக் கண்ணீர் அவளை மாற்றியிருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? மனித மனம் அப்படி இல்லையே!

சனிக்கிழமை நான்கு மணிக்கு ஒத்திகை. மெக்கானிக் வந்து படிக்கட்டின் அடியிலேயே நின்றான். பாட்டுப் பழக்கம் இல்லாதவன், பேசும் குரலையே நீட்டிப் பாடுகிறவன்.

"மேல வாங்க. சுருதி பாக்கணும்" என்றாள் மாடத்தில் இருந்து.

"வேணாம்க்கா. அண்ணன் ஏற முடியாத படியில நான் ஏற மாட்டேன். இங்கேயே நிக்கிறேன்."

அந்தப் பேச்சு அவளை உருக்கியிருக்க வேண்டும். எரித்தது. நல்லவன் வேஷமா? அதை ஏன் நான்கு வருடத்துக்கு முன்னால் போடவில்லை?

நாலு கட்டையில் ஒரு முறை பாடச் சொன்னாள். அளவெடுத்துத் தைத்த சட்டை போல அவன் குரலுக்குப் பொருந்தியது. பாட்டுப் புத்தகத்தில் இருப்பதும் அதே நாலு கட்டைதான். ஒரு நிமிடம் கட்டைகளைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். பிறகு விரல் மேலே நகர்ந்தது. ஐந்தரைக் கட்டையை அழுத்தினாள்.

"இதுல பாடுங்க."

பாடினான். மூன்றாம் வரி உயரும் இடத்தில் கழுத்து நரம்பு புடைத்தது. "அக்கா, கொஞ்சம் உயரமா இருக்கு."

"காலையில தொண்டை திறந்துடும்."

காலையில் ஆண் குரல் இன்னும் தாழ்ந்துதான் இருக்கும். அது அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். நாளைக்கு இத்தனை பேர் நடுவில் அவன் குரல் உடையட்டும். எல்லாரும் திரும்பிப் பார்க்கட்டும். அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு நிமிடம்தான்.

வீட்டுக்கு வந்து துணி மடிக்கும்போது தன்னை அறியாமல் அந்த மெட்டை முணுமுணுத்தாள். கணவர் செய்தித்தாளைக் கீழே இறக்கினார்.

"என்ன கட்டை குடுத்திருக்க அவனுக்கு?"

அவள் கை நின்றது. "அஞ்சரை."

வழக்கமான கேலி வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு அவர் சொன்னார், "அவன் பாக்காமலேயே கையெழுத்துப் போட்டான். நீ நல்லா பாத்துட்டுப் போடுற."

மடித்த துணியையே அவள் மறுபடி மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு வந்தது. ஆர்கனுக்கு மேலே ஒரு கண்ணாடி மாட்டியிருக்கும். பீடத்துக்கு முதுகைக் காட்டி வாசிப்பவளுக்கு அதில்தான் எல்லாம் தெரியும், இடம் வலம் மாறித் தெரியும். முதல் பெஞ்சில் கணவர். அவருக்கு எதிரே, கைகளைத் தொங்கவிட்டபடி அவன்.

போதகர் தலையசைத்தார். அவள் விரல் நாலு கட்டைக்கு மேல் நின்றது. அங்கேயே அழுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஐந்தரையை அழுத்தினாள்.

அவன் தொடங்கினான். இரண்டு வரி எப்படியோ ஏறினான். மூன்றாம் வரியில், இரக்கம் கேட்கும் அந்த உயரமான இடத்தில், குரல் கீறிக்கொண்டு நின்றுவிட்டது. பெஞ்சுகளில் யாரோ இருமினார்கள். ஒரு பெண் இன்னொருத்தியின் காதில் எதையோ சொன்னாள். அவள் ஆசைப்பட்டது அப்படியே நடந்தது!

ஆனால் கண்ணாடியில் அவள் கண் போனது அவன் மேல் இல்லை. கணவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். கால் போன அன்றுகூட அவர் அப்படிக் குனிந்து அவள் பார்த்ததில்லை.

அவன் ஓடிப்போகவில்லை. மறுபடி அந்த வரியைப் பிடித்தான். சுருதி சறுக்கி, தாழ்ந்து, தனக்கு எட்டிய ஏதோ ஓர் இடத்தில் நின்றுகொண்டு, நான்காம் வரியை அழுகையும் பாட்டுமாக முடித்தான். நின்ற இடம் எது? அவள் காது உடனே சொன்னது. நாலரை.

இப்போது ஆர்கன் சேர வேண்டும். ஐந்தரையில் சேர்ந்தால் அவன் தவறியது ஊருக்கே வெளிச்சமாகும். நாலில் சேர்ந்தாலும் அப்படித்தான். நாலரையில் சேரலாம். அது பெரும்பாலும் கறுப்புக் கட்டைகளின் வழி. அந்தச் சங்கீதத்தை அவள் அதில் ஒரு நாளும் வாசித்ததில்லை. கை வழுக்கும். இருபத்திரண்டு வருடத்துப் பெயர் போகும்.

கோயில் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. விடலாம் என்று சொல்ல வேண்டியவள் அவள்தானே!

நாலரையில் இறங்கினாள். முதல் வரியிலேயே விரல் தவறியது. இரண்டாம் வரியில் மறுபடி. ஆர்கன் அக்கா தப்பாக வாசித்து அந்தச் சபை கேட்டதே இல்லை. இப்போது தலைகள் திரும்பியது மாடத்தை நோக்கி. அவள் காது சூடேறியது, நிறுத்தவில்லை. தட்டுத்தடுமாறி அவனோடு நடந்தாள். மூன்றாம் வரியில் கீழே இருந்து ஒரு கனத்த குரல் எழும்பி அவள் தடுமாற்றத்தை அடியில் தாங்கிப் பிடித்தது. நான்கு வருடமாக ஊமையாக இருந்த குரல். அதன் பின்னால் பெஞ்சுகள் நகரும் சத்தம். எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

ஆராதனை முடிந்ததும் ஆர்கன் மேல் இருக்கும் நோட்டை எடுத்தாள். அன்றன்றைய பாட்டும் கட்டையும் குறிக்கும் நோட்டு. எழுதினாள்: 'கொடுத்தது ஐந்தரை. கொடுத்திருக்க வேண்டியது நாலு. தெரிந்தே செய்தது. தவறு என்னுடையது.' தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டாள்.

மனம் லேசாகிவிட்டதா? இல்லை. படியிறங்கப் போனால், கீழே கணவர் ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்க பாடின கட்டை தப்பு" என்றாள் அவனிடம், மேலே நின்றபடியே. "உங்களுக்கு நாலுதான். தெரிஞ்சேதான் மாத்திக் குடுத்தேன்."

"பாடும்போதே தெரிஞ்சதுக்கா" என்றான் மெதுவாக. "நான் ஒண்ணும் சொல்ற நிலைமையில இல்லையே."

கணவர் குறுக்கே புகுந்தார். "ஏம்மா, நானூத்தி எண்பத்தொம்பதுல ஒண்ணாவது குறைஞ்சுதா?"

"தெரியலைங்க. என்னைக் கேக்காதீங்க."

"சரி, கேக்கல. அடுத்த ஞாயிறு இவன் தோளைப் பிடிச்சுட்டு மேல வரலாம்னு பாக்குறேன். பக்கம் திருப்ப ஆள் இல்லாம நீ வாசிச்ச லட்சணத்தை ஊரே கேட்டுச்சு."

பதினேழு படி. மரம். இவன் தோளா? இவனை நம்பியா? வேண்டாம் என்ற வார்த்தை வாய்வரை வந்தது. கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள். பிறகு அவனைப் பார்த்து, நோயாளிகளிடம் பேசும் அதே கறாரான குரலில் சொன்னாள்:

"முதல்ல நீங்க மட்டும் ஏறுங்க. ஒவ்வொரு படியா பாருங்க. எது ஆடுது, எது ஆடலைன்னு எனக்குச் சொல்லுங்க. பாக்காம எதையும் சொல்லக் கூடாது."

அவன் கணவரின் முகத்தைப் பார்த்தான். அவர் தோளிலிருந்து கையை எடுத்து ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டார். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு முதல் படியில் மண்டியிட்டான். மடக்கிய விரலால் தட்டினான். காதை வைத்துக் கேட்டான். அடுத்த படி. அடுத்த படி. மேலே அவளால் நிற்கவும் முடியவில்லை, நகரவும் முடியவில்லை.

"அக்கா" என்று நடுவிலிருந்து அவன் குரல் வந்தது. "ஆறாவது படி ஆடுது."